முன்சக்கரத்துத் திருகு

– இடுப்பு கழண்டு விழுந்துடும் போல இருக்கு தம்பி. இனி என்னால நிக்க முடியாது. இந்தப் பழைய டயர் மேல உக்காந்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் பாத்து முடிங்க.

– பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை அண்ணி. இந்த வண்டி சரிப்படாது. வாங்க, போயிடலாம்.

– வந்ததுலேருந்து சரிப்படாது, சரிப்படாதுன்னே சொல்றே. மெக்கானிக்கண்ணன் இன்னும் வண்டிக்கு அடியிலதான் படுத்திருக்கார். அவர் வாயால சொல்லட்டும்.

– சொல்றேன் தங்கச்சி, சொல்றேன். மாடு வாங்கப் போனா முதல்ல குளம்பைப் பாக்கணும், கொம்பை அப்புறம் பாத்துக்கலாம். வண்டியோட அடிச்சட்டத்தைச் சுத்தியலால தட்டறேன், கேக்குதா? டங்குன்னு வருதே, இரும்பு நல்லா இருக்கு. உள்ளே துரு அரிச்சிருந்தா பொத்துன்னு விழும் சத்தம்.

– சரி. அப்புறம்?

– அப்புறம், முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒண்ணு உடைஞ்சிருக்கு. அதான் டிரைவர் பக்கமா லேசா சாஞ்சு நிக்குது. ஆள் ஏத்துற வண்டியில ஜல்லி ஏத்தியிருக்கான் பாவி. மாத்திக்கலாம், குடி முழுகிப் போற செலவில்லை. டிரைவரே, ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க.

– எதுக்கு மாஸ்டர் வீணா? வாங்கப் போறதில்லைன்னு சொல்றேன்ல.

– ஸ்டார்ட் பண்ணு தம்பி. கேக்க ஆசையா இருக்கு.

– ஆங்! ஒரே திருப்புல புடிச்சுடுச்சு பாருங்க. குளிர்ல கிடந்த டீசல் இருமாம எந்திரிச்சா நெஞ்சுல சளி இல்லைன்னு அர்த்தம். தங்கச்சி, நீங்க உக்காந்த இடத்துலேருந்தே புகையைப் பாத்துச் சொல்லுங்க. என்ன நிறம்?

– முதல்ல கறுப்பா வந்துச்சு. இப்ப ஒண்ணும் காணோம்.

– அதான் வேணும். நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். குடிகாரனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி. வெள்ளையா நின்னுச்சுன்னா கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டணும்.

– குடிகாரனோட குடும்பம் நடத்தினவதான் அண்ணே நானும். சம்பள நாள்ல மட்டும் குடிப்பார். மத்த நாள்ல கல்லோட கல்லா கிடப்பார்.

– அண்ணனைப் பத்தி இப்ப எதுக்கு அண்ணி?

– ஏன், பேசக் கூடாதா? அவர் செத்ததுக்கு வந்த பணத்தை மடியில கட்டிக்கிட்டுத்தானே வண்டி பாக்க வந்திருக்கேன்.

– மாஸ்டர், பழைய டீசல் வண்டியை இனிமே டவுனுக்குள்ள விடமாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்? பெட்ரோல்ல ஏதாவது இருந்தா சொல்லுங்க.

– டவுனுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை டிரைவரே? குவாரிக் குழிக்கும் மேல் ரோட்டுக்கும் ஆள் ஏத்தி இறக்கப் போறீங்க. பன்னெண்டு பேரை உக்கார வெச்சு அந்தக் களிமண் ஏத்தத்துல பெட்ரோல் வண்டியை விட்டா, நீங்க சம்பாதிக்கிறதை அதுவே குடிச்சுட்டு ஏப்பம் விடும். இழுவைக்கு டீசல்தான்.

– கேட்டியா தம்பி? மழை புடிக்கிறதுக்குள்ள நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் வண்டி கொண்டாந்து நிறுத்தினா ஆள் ஏத்துற வேலை எனக்குன்னு கான்ட்ராக்டர் சொல்லியிருக்கான். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும். மறுபடியும் நான் ஜல்லிக்கூடையைத் தூக்கணும். இந்த முதுகைப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னார்னு கூட இருந்து கேட்டவன் நீ.

– ஃபோர்வீல் வேணாம்னா சொல்றேன்? ஃபோர்வீல்தான் வேணும்னு முதமுதல்ல சொன்னவனே நான்தான் அண்ணி. இது வேணாங்கிறேன்.

– ஏன் வேணாம்?

– மனசுக்குப் புடிக்கலை. விடுங்களேன்.

– மனசுக்கா! மனசு வந்து சேத்துல சிக்கின வண்டியைத் தள்ளி விடுமா?

– டிரைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். போன வாரம் பச்சை வண்டி காட்டினேன். குனிஞ்சு முன்சக்கரத்தைப் பாத்தீங்க, மூஞ்சி செத்துப்போச்சு, வேணாம்னுட்டீங்க. இன்னிக்கும் அதே முன்சக்கரம், அதே மூஞ்சி. என்னதான் இருக்கு அதுல?

– ஒண்ணுமில்லை மாஸ்டர். இது கையால பூட்டுற வகை. தானா பூட்டிக்கிற வகைதான் எங்களுக்கு வேணும்.

– அடப் பாவமே! இதுக்கா? தானா பூட்டுற வகை உள்ள வண்டி இதைவிட ஒண்ணரை மடங்கு விலை. அதுவும் சேறு புகுந்துச்சுன்னா படுத்துக்கும். கையால பூட்டுறதுதான் ஆயுசுக்கும் நிக்கும்.

– என்னண்ணே பூட்டு? எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க.

– அது உங்களுக்கு எதுக்கு அண்ணி? டிரைவர் சமாச்சாரம்.

– பணம் என்னுது. அண்ணே, நீங்க சொல்லுங்க.

– கிட்ட வாங்க தங்கச்சி. மெதுவா, கையைப் புடிச்சுக்கிட்டு எழுந்திரிங்க. முன்சக்கரத்துக்கு நடுவுல வட்டமா ஒரு திருகு இருக்கு, பாருங்க. அதுல சிவப்புப் புள்ளி. புள்ளி இந்தக் கோட்டுக்கு நேரா இருந்தா முன்சக்கரம் சும்மா உருளும், இஞ்சினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல ரோட்டுல டீசல் மிச்சம். சேறு வந்தா டிரைவர் கீழே இறங்கணும். இறங்கி, ரெண்டு பக்கத்துத் திருகையும் திருப்பி, புள்ளியை இந்தக் குழிக்கு நேரா கொண்டாரணும். டொக்குன்னு விழும். அப்புறம் ஏறி உக்காந்து, உள்ளே இருக்கிற சின்ன லீவரை இழுக்கணும். அப்பத்தான் நாலு சக்கரமும் இழுக்கும்.

– சரி. இறங்காம லீவரை மட்டும் இழுத்தா?

– இழுத்தவன் நெனப்புலதான் ஃபோர்வீல். உள்ளே விளக்குகூட எரியும், ஏமாத்துறதுக்குன்னே. ஆனா பின்சக்கரம் ரெண்டும்தான் சேத்தைக் கிண்டிக்கிட்டுக் கிடக்கும். லாரியே ஓட்டிப் பழகினவங்க செய்யற தப்பு இது. அவங்க ஓட்டின லாரியில இந்தத் திருகு கிடையாதே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?

– அண்ணி, இருட்டறதுக்குள்ள போயிடலாம் வாங்க.

– தம்பி.

– மழை வர்ற மாதிரி இருக்கு.

– தம்பி, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனோமே, அந்தக் குவாரிக் கம்பெனி ஜீப்புலயும் இது இருந்துச்சா?

– விடுங்க அண்ணி.

– இருந்துச்சா இல்லையா?

– இருந்துச்சு.

– சிவப்புப் புள்ளி.

– அண்ணி, சொன்னாக் கேளுங்க…

– அவரைப் புதைச்ச மறுநாள் கம்பெனிக்காரன் ஆள் அனுப்பினான், வண்டியைக் கழுவித் தரச் சொல்லி. நான்தான் கழுவினேன். சீட்டுல உறைஞ்சு கிடந்ததைக் கழுவிட்டு, சக்கரத்துச் சேத்தையும் சுரண்டினேன். சேறு போனதும் சிவப்பா ஒண்ணு தெரிஞ்சுது. அவர் ரத்தம்னு நெனச்சுத் தேய்ச்சேன். எவ்வளவு தேய்ச்சும் போகலை. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் கோட்டுக்கு நேரா இருந்துச்சு தம்பி. குழியில அடைச்சிருந்த களிமண்ணைக் குச்சியால நோண்டி எடுத்தவளே நான்.

– எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா அன்னிக்குத் தெரியாது. லாரி ஓட்டிக்கிட்டிருந்த என்கிட்ட மேனேஜர் ஜீப் சாவியைத் தூக்கிப் போட்டு, லீவரை இழு, ஏறிடும்னான். இழுத்தேன். விளக்கு எரிஞ்சுது. நான் அதை நம்பினேன்.

– கொட்டுற மழையில, ஏத்தத்துச் சேத்துல வண்டி புதைஞ்சு நிக்குது, அவர் தலை என் மடியில. ஏறிடும் அண்ணி, இதோ ஏறிடும் அண்ணின்னு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருந்தே. ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. கூடப்பொறந்தவன் கடைசி வரைக்கும் இறங்காம போராடினான்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

– நீங்க சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

– உனக்கு எப்பத் தெரிஞ்சுது?

– அடுத்த வாரமே. கம்பெனியோட பழைய டிரைவர் கேட்டார், இறங்கித் திருப்பினியாடான்னு. திருப்பினேன்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. அப்புறம் எல்லாரும் வண்டிதான் பழுதுன்னாங்க. விசாரணையில நானும் அதையே சொன்னேன்.

– வண்டி பழுதுங்கிறதுக்காகத்தான் கம்பெனி பணம் குடுத்துச்சு.

– ஆமா.

– அந்தப் பணம்தான் என் மடியில இருக்கு.

– ஆமா அண்ணி.

– நான் போய் டீ சொல்லிட்டு வர்றேன் தங்கச்சி.

– நில்லுங்கண்ணே. நீங்க எதையும் கேக்கலை.

– நாள் பூரா சுத்தியல் அடிக்கிற காது. இதுல எதுவும் ஏறாது, பயப்படாதீங்க.

– அண்ணி, ஒரு அறை அறைஞ்சுடுங்க. செருப்பால வேணா அடிங்க. இப்படி அந்தச் சக்கரத்தையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க.

– அடிச்சா உனக்குப் பாரம் குறைஞ்சுடும். மாட்டேன். உக்காரு இங்க. இந்தத் திருகைத் திருப்பு.

– என்னால அதைத் தொட முடியாது அண்ணி.

– தொடு. திருப்பு.

– இறுகிக் கிடக்கு அண்ணி.

– டிரைவரே, உள்ளங்கையால அமுக்கித் திருப்பணும். ம், அப்படித்தான்.

– டொக்குன்னு கேட்டுச்சு. போ, அந்தப் பக்கத்தையும் திருப்பு.

– திருப்பிட்டேன்.

– கேட்டுச்சு. அண்ணே, இவ்வளவுதானா?

– இவ்வளவுதான் தங்கச்சி.

– மூச்சு இழுத்து விடற நேரம்கூட ஆகலையே அண்ணே.

– மழையில, பதட்டத்துல, தெரியாத வண்டியில… யாரா இருந்தாலும்…

– யாரா இருந்தாலும்னு சொல்லாதீங்க. வண்டியை நான் எடுத்துக்கிறேன். பட்டையை மாத்தி வைங்க. மிச்சப் பணத்துக்கு பேங்க்ல கடன் சொல்லி வெச்சிருக்கேன்.

– அண்ணி, வேற டிரைவரைப் போட்டுக்குங்க. நான் கூடை தூக்கறேன், கல் உடைக்கறேன், எதுன்னாலும் செய்யறேன். இதை மட்டும் என்னால ஓட்ட முடியாது.

– வேற டிரைவருக்கு மறந்துபோகும். உனக்கு மறக்காது. நீதான் ஓட்டுவே. ஒவ்வொரு ஏத்தத்துக்கும் கீழே இறங்குவே, ரெண்டு பக்கமும் திருப்புவே. நான் பக்கத்துச் சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்.

– எத்தனை நாளைக்கு அண்ணி?

– பேங்க் கடன் அஞ்சு வருஷத்துல தீந்துடும். நீ எனக்கு ஒரு ஆள் பாக்கி.