சொருகினால் போதும்

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும்போது மனிதர்கள் ஏன் இப்படிப் பறக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளக்கு மினுக்குவது நிற்கும்வரை பொறுத்தால் போதும். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. வயரை வெடுக்கென்று உருவிவிட்டு, பிறகு கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்கிற பெரிய பெரிய டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். என் மனைவியும் அந்த ரகம்தான்.

அவள் ஆவணப்பட எடிட்டர். வேலை நடப்பது ஸ்டூடியோவில். படம் இருப்பது கைப்பையில் கிடக்கும் டிஸ்க்கில். ஒருமுறை டிஸ்க் கெட்டுப்போய் ஒரு படத்தின் மொத்த வேலையும் போய்விட்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளே அவளுக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் சொருகினால் போதும். அது தானாக விழித்துக்கொண்டு அன்றைய வேலையை நகல் எடுத்து வைக்கும்.

"நான் ஒரு பட்டன்கூட அமுக்க வேணாமா?" என்று சிரித்தாள். "என்னை இப்படிச் சோம்பேறி ஆக்குறீங்களே."

இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் புரோகிராம் அன்பினால் எழுதப்பட்டது.

பிறகு வெளிநாட்டுப் பட வாய்ப்பு வந்தது. செய்துகொண்டிருந்த படத்தை முடித்துக் கொடுத்ததும் கிளம்ப வேண்டும். "ரெண்டு வருஷம்தாங்க. நீங்களும் லீவு போட்டுட்டு வாங்களேன்" என்றாள். இந்தச் செய்தியை எனக்கு முன்பே தன் தங்கையிடம் சொல்லியிருந்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. "போயிட்டு வா, எனக்கென்ன" என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள். பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை; எடிட்டராக இருந்தும்.

அந்த வாரம் புரோகிராமில் சில வரிகள் சேர்த்தேன். நகல் எடுத்த கையோடு, டிஸ்க்கில் அன்று சேமித்த ஃபைலை அழித்துவிட்டு, முந்தைய நாளின் ஃபைலை அதே பெயரில் வைத்துவிடும். தினமும் அல்ல, எப்போதாவது. தினமும் நடந்தால் டிஸ்க்கின்மேல் சந்தேகம் வரும். எப்போதாவது நடந்தால் தன்மேல்தான் வரும்.

சாயங்காலம் அவள் களைத்து வருவாள். "டிஸ்க்கைச் சொருகிட்டு வந்து சாப்பிடு" என்பேன். மறுநாள் ஸ்டூடியோவில் இயக்குநரின் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை ஓட்டினால், மாற்றிவிட்டதாக அவள் சத்தியம் செய்த காட்சி மாறாமல் அப்படியே ஓடும்.

"நான் மாத்தினேங்க. என் கையால மாத்தினேன்" என்பாள் என்னிடம்.

"மாத்தணும்னு நினைச்சிருப்பே. அசதியில செஞ்சுட்டதா தோணியிருக்கும்."

நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

புது டிஸ்க் வாங்கினாள். நானும் கூடப் போய் நல்லதாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். புரோகிராமுக்குப் புதிது, பழையது என்ற பேதமில்லை. அதன் பிறகு அவள் டிஸ்க்கைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டாள். இயக்குநர் நல்ல மனிதர், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். அது எப்படியோ காதில் விழுந்து, வெளிநாட்டுக்காரர்களும் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். அழைப்பை ஏற்றுப் பதில் போட்டோமா இல்லையா என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. போட்டிருந்தாள். அதை நான் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. காரை ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சாவியை அவளே என் கையில் கொடுத்தாள். பிடுங்கியதாக அவள் தங்கை உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

வேலையே இல்லை என்றான பிறகு அவள் எதையும் சொருகவில்லை. நானும் புரோகிராமை எடுத்துவிட்டேன். இது எனக்குச் சாதகமான விஷயம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகும் அவள் மறந்தாள். "நான் சாப்பிட்டாச்சாங்க?" என்பாள். சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டாய் என்றுதான் சொன்னேன். உண்மையை மட்டும்தான் சொன்னேன். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தங்கைதான், காணாமல்போன வேலையை மீட்டுக் கொடுத்து அக்காவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அந்தப் புது டிஸ்க்கை எடுத்துப்போய், அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். அழித்த ஃபைல் அடியோடு அழிவதில்லை. என் தொழிலில் அது பாலபாடம். டிஸ்க்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா செஞ்ச வேலை மொத்தமும் இதுல இருக்கு மாமா. ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அழிஞ்சிருக்கு. யார் அழிச்சது?"

அக்காவைத் தோளோடு பிடித்து உலுக்கினாள். "உனக்கு ஒண்ணுமே இல்லக்கா. நீ எதையும் மறக்கலே. இந்த ஆளு உன்னைப் பைத்தியமாக்கியிருக்காருக்கா."

என் மனைவி நிதானமாக என் பக்கம் திரும்பினாள். "அப்படியாங்க?"

"இல்லம்மா. அவ ஏதோ குழப்பத்துல பேசறா."

சரி என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய்த் தங்கைக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். தம்ளர் நடுங்கியது. பாதி தரையில் சிந்தியது. தங்கை அழுதுகொண்டே போனாள். போனவள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன், நிதானமாகச் செய்தேன். அவள் மூளையில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஆனால் நீங்கள் போடுகிற அந்த வார்த்தை, சித்திரவதை, அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நேற்று உங்கள் ஆட்கள் அவளிடம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, வாக்குமூலம் கேட்டார்களாம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இருங்க, அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாளாம். வெறுக்கிற புருஷனைப் பற்றி எந்தப் பெண்ணாவது அப்படிச் சொல்வாளா?