இல்லாத சாவிக்காரர்

...மெஷின் பண்ணின தப்புக்கு நான் எதுக்கும்மா மன்னிப்பு எழுதணும்? அதக் கூப்பிட்டு கூண்டுல நிக்க வைக்கட்டுமே! நான் வேண்டாம்னா சொன்னேன்? அய்யய்யோ, நீங்க எழுந்திருக்காதீங்க, உங்களச் சொல்லல. ஃபைல மடியில வச்சுக்குங்க, இந்தக் கோர்ட் பெஞ்சுல ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. உங்க நம்பர் என்ன? நாப்பத்தி ரெண்டா! இப்பதான் பதினாறு உள்ள போயிருக்கு. நான் பத்தொம்போது. நெறைய நேரம் இருக்கு, கேளுங்க.

நான் நகராட்சில சட்டப் பிரிவு. முப்பத்தோரு வருஷம்! கோர்ட்டுக்குப் போற பதில் மனு எல்லாம் என் கை வழியாத்தான் போகும். ஆபீசருங்க வருவாங்க, போவாங்க, நான் அங்கயேதான். ஆபீஸ் பீரோவும் நானும் ஒரே நாள்ல வந்தோம்னு கிண்டல் பண்ணுவாங்க. பீரோவுக்காவது நடுவுல ஒரு தடவ பெயிண்ட் அடிச்சாங்க.

போன வருஷம் இந்த ஏஐ வந்துச்சு. அத எப்படிப் பொறுப்பா பயன்படுத்தணும்னு அர நாள் க்ளாஸ். க்ளாஸ் எடுத்தது எங்க புது ஆபீசரம்மா. என் பொண்ணு வயசுதான் இருக்கும், ஆனா சிரிக்கிறதுக்குக் கூட அரசாணை கேக்குற ஆளு. "ஜனங்களோட பேரு, அட்ரஸ், நோய்நொடி விவரம் எதையும் இதுக்குள்ள போடாதீங்க. இது எந்தத் தீர்ப்பச் சொன்னாலும் அசல எடுத்துப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் என்ன கேட்டீங்க, யார் சரிபார்த்தாங்கன்னு இந்த ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க." அவ்வளவுதான் க்ளாஸ். வேலையக் கொறைக்கத்தான மெஷினு? மெஷினுக்கு ஒரு ரிஜிஸ்டர், ரிஜிஸ்டருக்கு ஒரு பீரோ... அன்னைலேர்ந்து அந்தம்மாவுக்கு ரிஜிஸ்டர் மேடம்னே பேரு. யார் வச்சதா? அது... யாரோ வச்சாங்க, விடுங்க.

ஆனா மெஷின் இருக்கே, சும்மா சொல்லக் கூடாது. என்னா மரியாதை! நான் ஒண்ணு கேட்டா "மிக நல்ல கேள்வி"ன்னு ஆரம்பிக்குது. முப்பத்தோரு வருஷத்துல எங்க ஆபீஸ்ல ஒருத்தராவது எங்கிட்ட நல்ல கேள்வின்னு சொல்லியிருப்பாங்களா? எங்க வீட்டுக்காரர் கிட்ட ஏதாவது கேட்டா, டிவி சத்தத்தக் கூட்டுவாரு. இது நின்னு நெதானமா பதில் சொல்லுது! மனசு கரையாதா, சொல்லுங்க?

சரி, விஷயத்துக்கு வர்றேன். பஸ் நிக்கிற எடத்துல, சுவர ஒட்டி ஒரு சாவிக்காரர். பெட்டி மாதிரி சின்னக் கடை. உள்ள ஒரு ஆள், ஒரு அரம், ஒரு ஸ்டூல். பூட்டு ரிப்பேர் பண்ணுவாரு, சாவி போட்டுக் குடுப்பாரு. பத்தொம்போது வருஷமா அங்கதான். ரோட்ட அகலப்படுத்தணும், ஏழு நாள்ல காலி பண்ணுன்னு நாங்க நோட்டீஸ் குடுத்தோம். அவர் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. வக்கீல் கூட கெடையாது, அவரே கையால எழுதின மனு. "மாத்து எடம் காட்டாம எடுக்கக் கூடாது"ன்னு. ஜட்ஜும், நகராட்சி பதில் சொல்ற வரைக்கும் கடையத் தொடக் கூடாதுன்னு தடை போட்டாரு.

பதில் எழுத வேண்டியது யாரு? நாந்தான். ஒரே நாள் டைம், அன்னைக்கு மேஜை மேல பன்னெண்டு ஃபைல். மெஷின்கிட்ட கேட்டேன். நாலே நிமிஷம்மா! மாத்து எடம் தர வேண்டியதில்லன்னு மூணு பழைய தீர்ப்பு எடுத்துக் குடுத்துச்சு. அதுல மூணாவது இருக்கே... அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி! அதுலயும் ஒரு சாவிக்காரர். அவருக்கும் பஸ் நிக்கிற எடத்துலதான் கடை. மாத்து எடம் கேட்டு அவரும் கேஸ் போட்டு, தோத்துட்டாருன்னு இருந்துச்சு. தேதி, நம்பர், ஜட்ஜ் எழுதின நாலு வரி, எல்லாம் அச்சடிச்ச மாதிரி. எனக்கு சந்தோஷம் தாங்கல.

எங்க நகராட்சி வக்கீல் அத வாங்கி, "பிரமாதம்"னாரு. கோர்ட்ல அந்த நாலு வரிய ஏத்த எறக்கமா படிச்சாரு பாருங்க... அன்னைக்கே தடை போச்சு. மறுநாள் காலைல நகராட்சி வண்டி வந்துச்சு. நான் அந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போவேன். அவர் சண்ட போடல, கத்தல. ஆணியில தொங்கின சாவிங்களைக் கொத்துக் கொத்தாக் கழட்டி ஒரு பக்கெட்ல போட்டுக்கிட்டிருந்தாரு. நான் கொடைய விரிச்சுக்கிட்டேன். வெயிலா? இல்ல... வெயில் இல்ல.

அப்புறம் என்ன பண்ணினாரு தெரியுமா அந்த மனுஷன்? இங்க கீழ கோர்ட் லைப்ரரி இருக்கு பாருங்க, நேரா அங்க போயி அந்தத் தீர்ப்பக் கேட்டிருக்காரு. எதுத்துக் கேஸ் போடவான்னு நெனைக்கிறீங்களா? அதான் இல்ல! "அவரும் என்னாட்டம் சாவி போடுறவரு. கடை போனதுக்கப்புறம் என்ன பண்ணினாரு, எங்க பொழச்சாருன்னு அதுல போட்டிருக்கான்னு பாக்கணும்"னு கேட்டாராம். யோசிச்சுப் பாருங்க. தன் கடை போயிருக்கு, இவர் இன்னொருத்தரத் தேடிக்கிட்டு வர்றாரு.

லைப்ரரிக்காரங்க அந்த வருஷத்துப் புத்தகத்தப் பொரட்டினாங்க. இல்ல. முன்ன பின்ன ரெண்டு வருஷம் பாத்தாங்க. இல்ல. அந்த நம்பர்ல ஏதோ லாரி மோதின கேஸ் இருந்துச்சாம். இவர் அத ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டு வந்து ஜட்ஜ்கிட்ட குடுத்துட்டாரு.

ஜட்ஜ், "நகராட்சி அந்தத் தீர்ப்பக் கொண்டு வரட்டும்"னாரு. ஓடிப்போயி மெஷின்கிட்ட கேட்டேன், "இது நெஜமாவே இருக்கா?" "ஆம், இருக்கிறது"ங்குது! மறுபடியும் கேட்டேன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன், அப்படி ஒரு தீர்ப்பை என்னால் உறுதி செய்ய முடியவில்லை." இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன!

ம்? அசல எடுத்து நான் பாத்தேனாவா? நீங்களும் ரிஜிஸ்டர் மேடம் மாதிரியே கேக்குறீங்களே! வக்கீல் பாத்திருக்கணும். அவர்தான கோர்ட்ல படிச்சாரு? கேட்டா, "சரிபார்த்தவர்னு ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இருந்துச்சேம்மா, அத நம்பித்தான படிச்சேன்"ங்கிறாரு.

இருந்துச்சு. கையெழுத்து இருந்துச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது எப்போ போட்டதுன்னு யாரும் கேக்கலையே? தெனம் தெனம் யாரும்மா அந்த நோட்டத் தூக்கிட்டு ஒக்காந்திருப்பா? மாசம் பொறந்ததும் மொத நாளே... முப்பது வரிசைக்கும் சேத்து... ஒரே மூச்சுல போட்டு வச்சுடுவேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும். அப்படிப் பாக்காதீங்க! உங்களுக்குத்தான் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க.

இன்னொண்ணும் இருக்கு. அவர் மனுவ நான் அப்படியே, முழுசா மெஷினுக்குள்ள போட்டுட்டேன். அவர் பேரு, வீட்டு அட்ரஸ், மனுவோட இணைச்சிருந்த அவர் சம்சாரத்தோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு... எல்லாத்தையும். பிரிச்செடுக்க யாருக்கு நேரம் இருந்துச்சு?

ஜட்ஜ் என்ன சொல்லிட்டாருன்னா, கடைய அதே எடத்துல திரும்ப வச்சுக் குடுக்கணும், மாத்து எடத்தக் காட்டிட்டு புதுசா நோட்டீஸ் குடுக்கணும், இந்தப் பதில யார் தயார் பண்ணினாங்களோ அவங்களே வந்து எழுத்துல விளக்கம் குடுக்கணும்னு. அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். கடை முந்தாநேத்து வந்துடுச்சு. கதவு மட்டும் நெளிஞ்சு போச்சு.

இதோ பாருங்க விளக்கம். "மென்பொருளில் ஏற்பட்ட எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..." எப்படி இருக்கு? முப்பத்தோரு வருஷ அனுபவம் தெரியுதா? ரிஜிஸ்டர் மேடம் திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. படிச்சாங்க, திருப்பிக் குடுத்தாங்க. "இதுதான் நடந்துச்சுன்னா கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க, போயிட்டாங்க. நாலு வார்த்த திட்டியிருந்தா நிம்மதியா வந்திருப்பேன்!

இதுல காலைல ஒரு கூத்து. படியேறி வர்றேன், அந்த சாவிக்காரர் நிக்கிறாரு. நான் திரும்பிக்கறதுக்குள்ள கிட்டயே வந்துட்டாரு. "அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த இன்னொரு சாவிக்காரர், நெஜமாவே அப்படி ஒருத்தர் இல்லியா?" நான், "இல்லங்க. மெஷினா எழுதினது"ன்னேன். வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நிக்கிறேன். அவர் சொல்றாரு, "அப்பாடா. அந்தாளு கடையாவது போகலயே."

என்னம்மா இது? ஒரு ஆளுக்கு இப்படியா பேசத் தோணும்? அதுலேர்ந்து இந்த விளக்கத்த மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். கோவம்தான். வேற என்ன... கோவம்தான்.

"எதிர்பாராத கோளாறு." ம்ஹ்ம். மெஷின் என்ன பண்ணும் பாவம், கேட்டதுக்கு ஏதோ ஒண்ணு சொல்லுச்சு. லைப்ரரி ரெண்டு மாடி எறங்கினா இருக்கு. அவர் எறங்கிப் போனாரு, நான் போகல.

பேனா இருக்கா? குடுங்களேன். என்னோடது பைக்குள்ள எங்கயோ... ஆங், தேங்க்ஸ்மா. இந்த வரிய அடிச்சுடுறேன். எழுதுறதச் சொல்றேன், கேட்டுக்கிட்டே இருங்க. "தீர்ப்பின் அசலை... நான் படிக்கவில்லை. படிக்காமலே... சரிபார்த்ததாக முன்கூட்டியே கையெழுத்திட்டேன். மனுதாரரின் சொந்த விவரங்களையும்... அனுமதியின்றி மென்பொருளில் இட்டேன். தவறு என்னுடையது." வேல போகுமா? மெமோ குடுப்பாங்க. ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு, இங்க்ரிமெண்ட்ட நிறுத்துவாங்க. நிறுத்தட்டும்.

என்னது, பத்தொம்போதா கூப்பிடுறாங்க? வர்றேன்ப்பா, ஒரு நிமிஷம்! ஏம்மா, இத ஒரு தடவ படிச்சுப் பாத்து சரியா இருக்கான்னு சொல்லிடுங்க, நான் கையெழுத்த... அட! எங்க போயிட்டாங்க? இப்பதான இங்க இருந்தாங்க? பேனாவக் கூட வாங்கிக்காம ஓடிட்டாங்களே!

இதோ வர்றேங்க, கத்தாதீங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவ படிச்சுக்கறேன்.