கம்பி எட்டும் தொரட்டி

தொரட்டிதானே? இருக்கு மக்கா, தராம என்ன. அந்தா எறவாணத்துல செருகி வச்சிருக்கு பாரு, நீளமா, கட்டுக்கம்பி சுத்துனது. இரு இரு, நீயாட்டு எடுக்காண்டாம். நான் எடுத்துத் தாறேன். மொதல்ல இப்பிடி இரி. தாணம்மைக்க புது மருமொவன் எனக்க வாசலுக்கு வந்து நிண்ணுட்டே போனாம்ணு தெரிஞ்சா அவ எனக்க குடலப் புடுங்கிருவா. மருமொவன்ணு பேருதான், எனக்க கண்ணுக்கு நீ பிள்ளதான். நான் நீண்ணுதான் சொல்லுவேன், கோவிக்காத.

ஏட்டி சண்முகவடிவு! இங்க வா. மருமொவன் வந்திருக்காரு, காப்பி போடணும், கருப்பட்டி இல்லியே. போயி வாங்கிட்டு வா. எங்க போவணும்ணு உனக்குத் தெரியும்லா? தொரட்டி கேட்டு வந்திருக்காரு, கேட்டியா. ஓடு. நடக்காண்டாம், ஓடு.

அவ எங்க வீட்டுக்காரருக்க தங்கச்சி. பாவம், எனக்கூடயேதான் இருக்கா. ஒரு சொல்லு சொன்னா போதும், பாக்கிய அவளாட்டு புரிஞ்சுக்கிடுவா.

யாரு உன்ன அனுப்புனா? யாரும் அனுப்பல்லியா? நீயாட்டுதான் வந்தியா. செரி, செரி. கொடைத் திருவிழா அண்ணைக்குப் பாத்து அம்மன் கோயிலுக்கு நேரா மேல, கம்பியில ஒரு வவ்வாலு செத்துத் தொங்குது. அத எறக்கிப் பொதைக்காம பொழுதடையும்போது சந்தி வெளக்கு வைக்கக்கூடாது. ஊருல உள்ள ஆம்பிளை எல்லாம் அண்ணாந்து பாத்துட்டு நிக்கானுவ, ஒருத்தனும் கைய நீட்டல்ல. அதப் பாத்ததும் உனக்கு ரோசம் வந்துட்டு. மாமியா ஊருல நாலுபேரு கொள்ளாம்ணு சொல்லணும்லா. அவனுவ சும்மா நிக்கல்ல மக்கா, லைன்மேன் ஞானசிங்கு வரட்டும்ணு நிக்கானுவ. அவரு மேலத்தெரு முக்குல டிரான்ஸ்பார்மரு பக்கம் இருக்காரு. யாரோ கூப்பிடப் போறேன்ணு சொல்லிட்டு வில்லுப்பாட்டுக்காரனுவளுக்க பொறத்தால போயிட்டானாம். நம்ம ஊரு காரியம் எப்பவும் இப்பிடித்தான்.

என்ன சொல்லுத? பகலுதானே, வெளக்கு ஒண்ணும் எரியல்லியே, கம்பி சும்மாதானே கெடக்கும்ணா?

ம். அப்பிடித்தான் தோணும். திரி எரிஞ்சாதான எண்ணெய் குடிக்கும், அணைச்சுட்டா எண்ணெய் அது பாட்டுக்குக் கெடக்கும். எங்க ஊருலயும் எல்லாருக்கும் அந்த எண்ணந்தான். உங்க ஊருக்குக் கரண்டு வந்தாச்சா? திருவட்டாத்துக்கும் வடக்க, மலையடி இல்லியா. வரும், வரும். எங்க போயிருமாம்?

எரைச்சலா? கடலு இல்ல மக்கா, கடலு தெக்கல்லா. இது வடக்க, பண்ணையாருக்க தென்னந்தோப்புல மோட்டாரு. வெள்ளம் எறைக்குது. காலத்த தொடங்குனா இருட்டுத வரைக்கும் நிக்காது. எங்க கெணத்துல முன்ன எட்டிப் பாத்தா மொகம் தெரியும். இப்பம் வாளி அடியில போயி சேத்தத்தான் கோரிட்டு வருது. எனக்கு அந்த எரைச்சலு கேக்காத நேரமே கெடையாது. சோறு வடிக்கும்போதும் சீல தொவைக்கும்போதும் காது அங்கதான் கெடக்கும். ஏன்னு கேக்காத, பழகிப்போச்சு.

அந்தக் கொடைப் பந்தலுக்குப் பின்னால வெறுந்தரையாட்டு ஒரு திட்டு கெடக்கு பாத்தியா? அதுதான் காவு, அம்மனுக்குண்ணு விட்ட காடு. காவுண்ணா இப்பம் பேருதான். முன்ன புன்னையும் இலுப்பையும் உள்ள வெயிலு எறங்காத மாதிரி அடைஞ்சு நிக்கும். நடுவுல ஒரு ஆலு. ஆலுல எலைய விட வவ்வாலுதான் கூடுதலு. பகலு முழுக்க ஒண்ணோட ஒண்ணு சண்டை, கீச்சு கீச்சுண்ணு, கல்யாண வீட்டு அடுக்களை தோத்துப்போவும். சந்தியானா எல்லாம் ஒண்ணாட்டு எழும்பும். வானம் கொஞ்ச நேரம் இருக்கவே இருக்காது.

எங்க போவும்ணா, கடக்கரை வரைக்கும் உள்ள புன்னையில எல்லாம் போயி காயப் பறிக்கும். வாயில கவ்விட்டு வந்து ஆலுல தலைகீழாத் தொங்கி, மேலத் தோல மட்டும் சப்பிட்டு, கொட்டைய கீழ போட்டுரும். காலத்த கொட்டப்பொட்டியோட போயி நாங்க பொறுக்குவோம். காயவச்சு செக்குல ஆட்டுனா புன்னெண்ணெய். இந்த ஊருக்க வெளக்கு எல்லாம் அதுலதான் எரிஞ்சுது. மரத்துல ஏறாண்டாம், பறிக்காண்டாம், உரிக்காண்டாம். எல்லாத்தையும் வவ்வாலு செஞ்சு தரும். போற வழியில விழுத கொட்டை மொளைச்சு எங்கெங்கயோ மரமாவும்.

அதுக்குப் பதிலு நாங்க செய்யது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வவ்வாலு கொம்புல தொங்கிட்டே செத்துப்போச்சுண்ணா, சந்தி வெளக்கு வைக்கதுக்கு முன்ன எறக்கி ஆலு மூட்டுல, வேருக்குப் பக்கத்துல பொதைக்கணும். அம்மனுக்க பிள்ளைக இல்லியா, ராத்திரி அப்பிடி விட்டுட்டுப் போவலாமா? அது எங்க வீட்டுக்காரருக்க குடும்பத்துக்க மொறை. அதுக்காவ உள்ளதுதான் இந்தத் தொரட்டி. ஆலுக்க உச்சிக்கொம்பு எட்டணும்லா, அதுக்கு மூங்கிலோட மூங்கில் சேத்துப் பூட்டி, வெடிச்சுப்போவாம இருக்க கொக்கியில இருந்து கைப்பிடி வரைக்கும் கம்பி சுத்துனது அவருதான். பொன்னுலிங்கம் ஒரு வேலை செஞ்சா அதுல கொறை சொல்ல முடியாதுண்ணு ஊரே சொல்லும்.

காப்பியா? வரட்டும் மக்கா, கருப்பட்டி வராம எப்பிடி? சுக்கு தட்டிப் போட்டுருக்கேன், கொதிக்குது. இரி.

பின்னே கரண்டு வந்துது. வேண்டாம்ணு யாரும் சொல்லல்ல, பொய் சொல்லப்பிடாது. எனக்கும் ஆசதான். கம்பி போற வழிய அளக்க வந்த ஆபீசரு குழல வச்சு நேராப் பாத்தாரு, பண்ணையாருக்க தோப்பு வந்துது. கொஞ்சம் வளைச்சுப் பாத்தாரு, காவு வந்துது. தோப்புக்கு ஆளு உண்டு, நாகருகோயில்ல வக்கீலும் உண்டு. காவுக்கு யாரு? வவ்வாலா போயி மனு குடுக்கும்? அம்மன் இருக்க கல்ல மட்டும் விட்டுட்டு ஆலையும் புன்னையையும் வெட்டிச் சாய்ச்சானுவ. தொடக்க விழாவுக்குப் பந்தலு போட்டு, தமிழ்நாட்டோட சேரணும்ணு கொடி பிடிக்குதவனும் திருக்கொச்சியிலயே கெடப்போம்ணு சொல்லுதவனும் ஒரே பெஞ்சுல இருந்து சர்பத்து குடிச்சானுவ. அந்த அதிசயத்துக்கே ஒரு கொடை குடுக்கலாம்.

பல்பு எரிஞ்சப்பம் நான் அழுதேன் மக்கா. சத்தியமா. அவ்வளவு அழகு. புன்னெண்ணெய்ப் பொகையில கண்ணு எரிஞ்சு எரிஞ்சு வளந்தவ நான். அவரு எனக்க மொகத்தப் பாத்துட்டு, ஓ நீ இப்பிடியா இருப்பன்னு கேட்டாரு.

ஆனா மரம் வெட்டுன அண்ணைக்கு செதறிப்போன வவ்வாலு எல்லாம் மறுநாளு வெடியதுக்கு முன்ன திரும்பி வந்துது. மரத்தக் காணல்ல. மரம் நிண்ண எடத்துல வெறும் காத்தச் சுத்திச் சுத்திப் பறக்குது. கீச்சுச் சத்தம் கூட இல்ல, செறகு அடிக்குத சத்தம் மட்டுந்தான். நான் முத்தத்துல நிண்ணு பாத்தேன். எத்தன நேரம் பறக்கும்? களைச்சாச்சுண்ணா எதுல தொங்கும்? கம்பி கெடந்துது.

ஒத்தக் கம்பியில தொங்குனா ஒண்ணும் ஆவாதாம். காக்கா இருக்குல்லா. வவ்வாலு செறக விரிக்குமே, அது பக்கத்துக் கம்பியத் தொட்டதும் படக்குண்ணு ஒரு சத்தம், முறுக்கு ஒடிச்ச மாதிரி. அவ்வளவுதான். பெறகு முடி கரிஞ்ச மணம். சோறு எறங்காது மக்கா. இப்பமும் காத்து அந்தப் பக்கத்துல இருந்து வந்தா எனக்கு அந்த மணம் வருது. சண்முகவடிவு இல்லைண்ணு சொல்லுதா. எனக்கு வருது.

மொறைய விட முடியுமா? ஞானசிங்கு எறக்கித் தருவாரு, இவரு பொதைப்பாரு. கொஞ்ச நாளுல ஞானசிங்குக்கும் மடுத்துப்போச்சு. தெனமும் வவ்வாலுக்காவ வந்துட்டு நிக்க முடியுமா? லைன்ல கைவைக்காதீங்கண்ணு மட்டும் படிச்சுப் படிச்சு சொன்னாரு. இவரு சிரிச்சாரு. பகலுல எங்கய்யா கரண்டுண்ணு கேட்டாரு. நீ இப்பம் சிரிச்சல்லா, அதே சிரிப்பு.

இப்பம் வவ்வாலு ஒண்ணு ரெண்டுதான் உண்டு. எங்க இருந்தோ வழி தப்பி வருது, நேத்து வந்தது மாதிரி. கடக்கரையில போயி பாரு, புன்னக்கா எல்லாம் மூட்டுலயே விழுந்து குமிஞ்சு கெடந்து அழுகுது. எடுத்துட்டுப் போவ ஆளு இல்ல. பட்டுப்போன மரத்துக்குப் பதிலு ஒரு கன்னு மொளைக்கல்ல. மணலு காத்தோட ஏறி வந்து வயலு வரப்பு வரைக்கும் வந்துட்டு. பல்பு எரியுது, எண்ணெய் எதுக்குண்ணு கேக்கானுவ. எண்ணெய்க்கா நான் சொல்லுதேன்?

அவரு எறக்கப் போன ஒரு வவ்வாலு, கேட்டியா, ஒரு மழக்காலம் முழுக்க அந்தக் கம்பியிலயே கெடந்துது. சதை போச்சு, தோலு போச்சு, செறகுக்க எலும்பு மட்டும் குடக்கம்பி மாதிரி மிச்சம். காத்தடிச்சா ஆடும். ஞானசிங்கு எடுக்க வந்தாரு. நான்தான் போயி அவருக்க சட்டையப் பிடிச்சேன், எடுக்காதீங்கண்ணு. அது மேல இருக்க வரைக்கும் எங்க வீட்டுக்காரரு இன்னும் வேலை முடிச்சுட்டு வரல்லண்ணு எனக்கொரு தோணலு. எறக்கிட்டா வேலை முடிஞ்சிரும்லா. ஊருல எனக்குக் கோட்டிண்ணு சொன்னாவ. சொல்லட்டும். ஒருநா காலத்த பாத்தேன், காணல்ல. காத்து கொண்டுபோயிட்டு.

எழும்பாத மக்கா. இரிண்ணு சொல்லுதேன்லா. வெயிலு இன்னும் கெடக்கு, வெளக்கு வைக்க நேரமாவல்ல. இப்பம் வந்துருவா. எனக்க வெறுங்கழுத்த என்ன பாக்குத? இப்பந்தான் பாத்தியா?

பொறு. பேசாத.

கேட்டியா?

நிண்ணுட்டு. எரைச்சலு நிண்ணுட்டு. இந்தா, இப்பம் கேக்குதுல்லா, இதுதான் கடலு.

அந்த மோட்டாரு எண்ணெய் ஊத்தி ஓட்டுத எஞ்சினு இல்ல மக்கா. அதுக்கும் இதே கம்பிதான். வெளக்கு எரியாட்டாலும் கம்பியில கரண்டு ஓடிட்டேதான் கெடக்கும், பகலுண்ணும் பாக்காது, கொடையிண்ணும் பாக்காது. அவரு இந்தத் தொரட்டியோட போன அண்ணைக்கும் இந்த மோட்டாரு ஓடிட்டுதான் கெடந்துது. நான் கெணத்தடியில நிண்ணு கேட்டேன். திடீர்ணு ஒருதடவ மூச்சு முட்டுன மாதிரி தடுமாறிச்சு, பெறகு பழைய மாதிரி ஓடிச்சு. அது என்னண்ணு எனக்கு அப்பம் தெரியல்ல.

சண்முகவடிவு கருப்பட்டிக்குப் போவல்ல. அடுக்களையில ஓலப்பொட்டி நெறைய கருப்பட்டி இருக்கு. அவ மேலத்தெரு முக்குக்கு ஓடுனா, ஞானசிங்கிட்ட சொல்லி பீசப் புடுங்கி கரண்ட நிறுத்த. எனக்க பிள்ள, அவ ஓடித்தான் போயிருக்கா.

நேரா சொல்லியிருக்கலாம்ணா? சொன்னா நீ கேப்பியா? அவரு கேட்டாரா? தரமாட்டேன்னு சொல்லியிருந்தா சின்னத் தொரட்டி ரெண்ட சேத்துக் கெட்டிட்டுப் போயிருப்ப. அவரு செத்த அண்ணைக்கே எல்லாரும் சொன்னாவ, அந்தச் சவத்துத் தொரட்டிய வெட்டி அடுப்புல வையிண்ணு. நான் வைக்கல்ல. இத்தன நீளத்துல ஊருல வேற கெடையாது. கம்பிய எட்டணும்ணு நெனைக்குதவன் எவனா இருந்தாலும் மொதல்ல எனக்க வாசலுக்குத்தான் வரணும்.

இந்தா, பிடி. ஞானசிங்கு வந்து கையக் காட்டுன பெறகு தொடு, அதுக்கு முன்ன தொடாத. பைய எறக்கு, செறகு கிழிஞ்சிராம. ஆலு நிண்ண குழி இப்பமும் கெடக்கு, அதுலயே பொதைச்சிரு. வெளக்கு வச்சிட்டு வா, காப்பி சூடா இருக்கும்.

அங்க பிடிக்காண்டாம் மக்கா, அந்தக் கருத்த எடத்துல. அழுக்கு இல்ல, தேச்சுப் பாத்துட்டேன், போவாது. அவருக்க கை இருந்த எடம். கொஞ்சம் கீழ பிடி.