எல்லா வூடும் ஒரே வூடு

இல்லமா, கையெழுத்து போடமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? பேனா மூடிய தொறந்து வெச்சுகினு தானே குந்தினுகீறேன். நீ நிக்காத, ஒக்காரு. அந்த சேர் வேணாம், அதுக்கு ஒரு காலு ஊனம். இத்துல ஒக்காரு. மேடம்னு கூப்புடாதீங்கன்றியா, சரி. ஆர்கிடெக்ட்டுன்னாவே மேடம்னுதான் வாயில வர்து, இன்னா பண்றது.

காலனில எல்லாரும் போட்டாச்சு, இந்த ஸ்டானிஸ்லாஸ் ஒருத்தன்தான் பாக்கின்னு சொல்லிக்கீறானுங்களா? கரெக்ட்தான். நான் போட்டாதான் ஜேசிபி உள்ள வரும், அதுவும் தெரியும். இதுல பெரிய தமாஷு இன்னா தெரியுமா? இந்த வூட்டையெல்லாம் இடிச்சிட்டு புச்சா கட்டிக் குடுங்கன்னு வருசா வருசம் மனு எழுதினவனே நான்தான். சிரிமா, பரவால்ல. காலனியே சிரிக்குது.

அந்த காலத்துல குப்பத்துல பத்தாவது பாஸானவன் நான் ஒருத்தன். பகல்ல ஹார்பர்ல மூட்ட தூக்கறது, சாயங்காலம் தண்டையார்பேட்டைல நைட் ஸ்கூலு. பாதி பாடத்துல நான் தூங்குவேன், மீதி பாதில வாத்தியார் தூங்குவாரு. அந்த படிப்ப வெச்சுகினு எழுதின மனு. மேன்மைதங்கிய ஐயா அவர்களுக்குன்னு மரியாதையாதான் ஆரம்பிப்பேன். அஞ்சாவது வரில ஆத்திரம் வந்துரும். கடைசில இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிதலுள்ளன்னு வேற போடுவேன். படிச்சவன் குழம்பிப் போயிருப்பான்.

இந்த காலனி கதைய கேக்கறியா? பழைய குப்பம் கடலோரமா இருந்துச்சு. கடலு கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுகினே வந்துச்சு. கெணறு போச்சு, சவேரியார் கோயிலு போச்சு, அப்பால அரை குப்பமே போச்சு. அதுக்கு அப்பறம்தான் கவர்மெண்ட்டு முழிச்சுகினு, உள்ள தள்ளி, ஆத்தங்கரையாண்ட இந்த எடத்த குடுத்துச்சு. அப்போ இதெல்லாம் மெட்ராஸே கெடியாது. பஞ்சாயத்து. சுத்தி உப்பளமும் முள்ளுக்காடும். ஒரு இன்ஜினியரு வந்தாரு. நூலு புடிச்சாரு, சுண்ணாம்புல கோடு போட்டாரு, ஒரே அச்சுல வார்த்தா மாறி வரிசயா வூட்ட எறக்கினாரு. மாதிரி கிராமம்னு போர்டு வெச்சு, பெரிய மனுசாளுங்க வந்து ரிப்பன்லாம் வெட்டினாங்க. அத்த பாத்து வேற எவனும் கட்டின மாறி தெரியல. அவ்ளோ நல்ல மாதிரி.

அந்தாளு பண்ண வேலைய கேளு. எல்லா வூட்டுக்கும் வாசல ரோட்ட பாத்து வெச்சுட்டாரு. எங்களுக்கு ஆறு பின்னாடி, படகு பின்னாடி, வலை பின்னாடி, மீனு காயறது பின்னாடி, சண்ட போடற எடமே பின்னாடி. முன்னாடி இன்னா கீது? பஸ்ஸு வராத ரோடு. ஒரே மாசத்துல அல்லாரும் பின் செவுத்த ஒடச்சு அங்க வாசல் வெச்சுகினோம். முன் கதவாண்ட கட்டில சாத்திட்டோம். நீ கூட மொத தபா வந்தப்ப முன்பக்கமா தட்டிகினு நின்னியாமே? அந்த கதவ தட்டினா ஒண்ணு போஸ்ட்மேனு, இல்லாட்டி போலீஸு. அதான் ஒருத்தரும் தொறக்கல. தப்பா நெனச்சுக்காத.

செவுத்த ஒடச்சவங்க உள்ள மட்டும் கை வெக்கல. நடுவுல கீற தூண ஆட்டினா கூரை எறங்கிரும்னு பயம். அதனால இன்னி வரிக்கும் எந்த வூட்டுக்குப் போனாலும் ஒண்ணேதான். ஒரு படி ஏறினா இடது பக்கம் அடுப்பு, வலது பக்கம் தண்ணித் தொட்டி, நேரா தூணு. ஒரு தபா வேலை முடிஞ்சு வரேன், கரண்ட் இல்ல. சட்டைய ஆணில மாட்டினேன், தட்ட எடுத்தேன், சோத்த போட்டுகினு துன்னுகினுகீறேன். கொழம்பு பிரமாதம். நம்ம வூட்டுல இப்டி வராதேன்னு அப்பவே நான் உஷாராகியிருக்கணும். கரண்ட் வந்துச்சு. எதிர்ல பக்கத்து வூட்டு லோகநாதன் குந்தினுகீறான். இன்னும் கொஞ்சம் போட்டுக்க மாமுன்றான். அவன் சம்சாரம் முத்தம்மா என்ன எங்க பாத்தாலும், ரேஷன் கடை லைனா இருந்தாலும், கொழம்பு வேணுமாண்ணேன்னு கேக்காம வுடாது.

அந்த கடுப்புலதான் அடுத்த மனுவுல எழுதினேன். நாங்க இன்னா கோழியா, ஒரே மாறி கூண்டுல அடைக்கன்னு. மனுசனுக்கு மனுசன் மூஞ்சி வேற, வூடு மட்டும் ஏன் ஒண்ணுன்னு. அந்த வரிய எழுதிட்டு நானே நாலு தபா படிச்சு ரசிச்சேன்னா பாத்துக்கோயேன்.

இப்ப நீ வந்துக்கிற. நீ வரைஞ்ச வூட்டுப் படத்த பாத்தேன். ஆத்த பாத்து வாசல் வெச்சுக்கிற பாரு, அதுக்கே உனக்கு மாலை போடணும். வூட்டுக்கு வூடு வேற வேற. ஒண்ணுத்துல அடுப்பு இந்தாண்ட, ஒண்ணுத்துல அந்தாண்ட, ஒண்ணுத்துல மாடில. ஒவ்வொருத்தர் வூட்டுலயும் குந்தி, உனக்கு எப்டி வேணும், உனக்கு எப்டி வேணும்னு கேட்டுக் கேட்டு வரைஞ்சுக்கிற. நான் எழுதினது எத்தையும் வுடல. கொற சொல்ல ஒரு எடம் வெச்சியா? அதான் பேஜாரு.

அப்பால ஏன் போடலன்னுதானே? லோகநாதனும் கேட்டான். வாஸ்து சரியில்லன்னேன். மாதா படத்துக்கு கீழ குந்திகினு வாஸ்து பேசறியேடான்னு அவனால சிரிப்ப அடக்க முடியல. ஃபாதர் கேட்டாரு, ஜெபம் பண்ணிகினுகீறேன்னேன். அவரு என்ன பூசைல பாத்து ரொம்ப நாளாவுது.

பாரத்துல என் பேருக்கு கீழ கீற ரூத்தா? என் வூட்டுக்காரிமா. அவ வூடு எங்க தங்கறா. அந்த சிரிப்பு கேக்குதில்ல, அதான். ராஜாத்தி வூட்டுல கீறா போல. காலைல கெளம்பினா இந்த வரிச, அப்பால அந்த வரிச. படி ஏறி நேரா அடுப்பாண்ட போயி குந்துவா. தொட்டில தண்ணி மொண்டு குடிப்பா. கொழம்பு நக்கிப் பாத்து உப்பு கம்மிடின்னு சொல்லிட்டு அடுத்த வூடு. யாரும் கைய புடிக்கக் கூடாது. புடிச்சா கெட்ட வார்த்த வரும்.

சுகர்ல அவளுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சுமா. ஆச்சு, மூணு வருசம்.

இல்ல, நீ எதுக்கு சாரி சொல்ற. உனக்கெப்டி தெரியும், படத்துல அதெல்லாம் வராது. மொதல்ல ரெண்டு மாசம் மூலையில குந்தி அழுதுகினு இருந்தா. ஒரு நாள் கோச்சுகினு வெளிய போயி, எந்த வூட்டுலயோ ஏறிட்டா. கைய நீட்டினா அடுப்பு. அந்தாண்ட நீட்டினா தொட்டி. அவ வூடு மாறியே. அன்னிலேந்து அவளுக்கு மொத்த காலனியும் அவ வூடுதான்.

அதனால வெளிய நீ எப்டி வேணா அழகு பண்ணு, பெயிண்ட்டு அடி, மாடி கட்டு. கீழ் வூடுங்களுக்கு உள்ள மட்டும் அல்லாத்துக்கும் ஒரே மாறி. ஒரு படி, இந்தாண்ட அடுப்பு, அந்தாண்ட தொட்டி, நடுவுல தூணு. தூணு தேவையில்லன்னாலும் சொம்மானா ஒண்ணு நிக்கட்டும். மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். கேவலமா திட்டுவாங்க, எனக்கு பழக்கந்தான்.

அவகிட்ட சொன்னியான்னா? சொன்னேன். போடுய்யா கையெழுத்தன்றா. மத்தவங்க நல்லா இருக்கட்டும், நான் வூட்டுலயே குந்திக்கறேன்றா.

வூட்டுல குந்திக்கறாளாம். அவ.

எங்க, அந்த படத்த இப்டி விரி, அடுப்புலேந்து ஆரம்பிப்போம்.