செல்வி காட்டிய பக்கம்

ஓடுகிறோம். என் இடுப்பில் தகரப் பெட்டி. பிள்ளை இல்லை, பெட்டி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004, டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. நிக்கோபாரில் கச்சால் தீவு. ரப்பர் தோட்டத்து லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடு. எங்கள் லயம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது.

காலை ஆறரைக்குத் தரை ஆடியது. முதலில் பாத்திரம் உருண்டது. பிறகு சுவர் வெடித்தது. டப். டப். நிற்க முடியவில்லை, வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்டம் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. கோவிலில் மார்கழிப் பொங்கலுக்கு வைத்த ஸ்பீக்கர் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

பிறகு கடை வைத்திருந்த பெங்காலி ஓடி வருகிறார். வேட்டி இல்லை, துண்டுதான்.

"பாகோ! பாகோ! பானி ஆ கயா!"

ஓடு, தண்ணீர் வந்துவிட்டது என்கிறார். அந்த இந்தி எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் அதற்குள் என் கணுக்காலில். கறுப்பாக இருக்கிறது. டீசல் வாடை.

என் வீட்டுக்காரர் ராமையா கண்ணனைத் தூக்கித் தோளில் போடுகிறார். கண்ணனுக்கு நாலு வயது. ஒன்பது வயது செல்வி அவர் கையைப் பிடித்திருக்கிறாள். நான் மட்டும் வீட்டுக்குள் திரும்பினேன். தகரப் பெட்டி உள்ளே இருந்தது. அதில் என் வேலைக் காகிதங்கள். பதினொரு வருஷம் கேஷுவலாக ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ஜனவரியில் பெர்மனென்ட் ஆகும் என்று தோட்டத்து ரைட்டர் சொல்லியிருந்தார். காகிதம் இல்லாமல் போனால் கேட்க நாதியில்லை என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

அந்தக் காகிதத்துக்காக நான் ஏற்கனவே ஒரு காரியம் செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் கடைசி. வீட்டுக்காரரின் அண்ணன் வடக்கே பெரிய தீவில், பாம்பூஃப்ளாட்டில் இருந்தார். வந்துவிடு, வேலை பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். கச்சாலிலிருந்து கப்பல் டிக்கெட் கிடைப்பது லேசில்லை. மூன்று முறை ஜெட்டிக்கு நடந்து, வரிசையில் நின்று, நாலு பேருக்கும் வாங்கிவிட்டார். டிசம்பர் 23, வியாழக்கிழமை. நான் வரமாட்டேன் என்றேன். ஜனவரி வரைக்கும் பொறு என்றேன். மூன்று வாரம் சண்டை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு தின்றோம். எனக்கு ஒரே எரிச்சல். தூக்கமில்லை.

கடைசியில் அவர் சொன்னார், பூக்கட்டிப் பார்ப்போம், அம்மன் காட்டுகிற பக்கம் போவோம்.

எங்கள் ஆட்கள் அப்படித்தான். இலங்கையில் கலவரத்தில் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தபோது எனக்கு ஆறு வயது. தேயிலைச் செடிக்கடியில் மூச்சை அடக்கிக் கிடந்தோம். அதற்குப் பிறகு என் அப்பா பூக்கட்டிப் பார்த்துத்தான் கப்பலேறினார். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. அம்மன் காலடியில் வைத்து, வயசுக்கு வராத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். பிள்ளையின் கையை அம்மன் நடத்துவாள். வந்த பூதான் பதில். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டோம். அம்மன் பேசிய பிறகு சோதிப்பது மரியாதையில்லை.

சிவப்பு வந்தால் கப்பல். வெள்ளை வந்தால் கச்சால். பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் நந்தியாவட்டை வைத்தேன். இரண்டிலும் வெள்ளை.

செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வீட்டுக்காரர் பிரித்தார். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே ஜெட்டிக்குப் போய் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் மற்றப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன்.

வியாழக்கிழமை கப்பல் போய்விட்டது. ஹாரன் சத்தம் மூன்று முறை கேட்டது. நான் ரப்பர் மரத்தடியில் நின்று சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியோடு வெளியே வருகிறேன். தண்ணீர் முழங்கால். முன்னால் போன தண்ணீர் திரும்பி இழுக்கிறது. எல்லோரும் மேட்டுக்கு ஓடுகிறார்கள். நானும் லயத்துக்குப் பின்னால் குறுக்கு வழியில் ஓடுகிறேன். மேட்டில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தால், பாதை பிரிகிற இடத்தில் அவர் பிள்ளைகளோடு என்னை எதிர்பார்த்து நிற்கிறார். நேரே போனால் மேடு, பிள்ளைகளோடு ஏறக் கொஞ்சம் தூரம். வலது பக்கம் கோவில், அதை ஒட்டித் தூண் மேல் நிற்கிற தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி. அந்தப் பக்கம் கடலுக்குக் கிட்டே. யாரும் அங்கே போகவில்லை. கடலில் புதுச் சத்தம் கேட்கிறது. லாரி லாரியாகச் சல்லி கொட்டுகிற சத்தம்.

அவர் குனிந்து செல்வியிடம் கத்துகிறார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எந்தப் பக்கம் தாயி? நீ காட்டு! ஒன் கைய அம்மன் நடத்துவா!"

அவள் கையை நீட்டினாள். கோவில் பக்கம். உடனே ஓடினார்கள். செல்வி முன்னால். அவர் கண்ணனோடு பின்னால்.

அம்மன் எங்கே நடத்தினாள்? நான் நடத்தினேன். என் பொய்யை நம்பி மனுஷன் கடலைப் பார்த்து ஓடுகிறார். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏங்க! அது பொய்யிங்க! ரெண்டுலயும் நான் வெள்ளதான் வச்சேன்! மேட்டுக்கு வாங்க!"

அவர் நின்றார்.

திரும்பினார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று தெரியாது. கண்ணன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான். அவர் என் பக்கம் நாலு எட்டு வைத்தார். அவ்வளவுதான். தென்னை உயரத்துக்குத் தண்ணீர்.

செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டி ஏணியில் ஏறிவிட்டாள். தொட்டி மேல் ஏற்கனவே, கோவிலில் பொங்கல் வைக்க வந்த ஐந்து பேர் இருந்தார்கள். தண்ணீர் கோவிலை உடைத்தது. தொட்டி நின்றது. ஐந்து பேரும் பிழைத்தார்கள். அவளும் பிழைத்தாள். அவளுக்கும் அவருக்கும் இடையில் இருபது எட்டுகூட இருந்திருக்காது.

அவள் கை சரியான பக்கத்தைத்தான் காட்டியது.

நிவாரண முகாமில் செல்வி ஒரே ஒரு முறை கேட்டாள், அப்பா ஏன் பின்னால வரல என்று. தண்ணி வேகமா வந்துச்சு என்றேன். அவளுக்கு என் சத்தம் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படிப்பட்டவள் நான்.

இப்போது நாங்கள் பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறோம். செல்விக்கு முப்பது தாண்டிவிட்டது. தினமும் எதிர்க்கரை சாத்தமுக்கு ஃபெர்ரியில் போய் வேலை பார்க்கிறாள். கடையில் இரண்டு சேலையை விரித்தால் தொடமாட்டாள். "நீயே எடும்மா, நான் எடுத்தா வெளங்காது" என்பாள். இரண்டு வரன் வந்தது. எதற்கும் பதில் சொல்லவில்லை. அன்று வெள்ளையை எடுத்ததால்தான் கப்பல் கைவிட்டுப் போனது, அப்பாவும் தம்பியும் போனார்கள் என்று நினைக்கிறாள். அதை ஒரு காய்ச்சலில் உளறினாள். நான் நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

கவலைப்படாதே, கடவுள் வழி காட்டுவார் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுள் மேல் கோபமில்லை. பூக்கட்டிய அன்று அவரை யாரும் கேட்கவில்லை. நான் அவர் வாயைக் கட்டிய பிறகுதான் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை, பொட்டலம் இல்லாமல், என் வீட்டுக்காரர் நிஜமாகக் கேட்டார். பதில் வந்தது. குறுக்கே கத்தியது நான்.

கணக்கு எழுதுகிறேன்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. ஒன்றும் நிற்கவில்லை.

ராமையா, முப்பத்தெட்டு வயது. மூன்றாம் நாள் கிடைத்தார். சட்டையை வைத்து அடையாளம் சொன்னேன்.

கண்ணன், நாலு வயது. கிடைக்கவில்லை.

தகரப் பெட்டி. என் இடுப்பிலேயே இருந்தது. காகிதம் ஒன்றுகூட நனையவில்லை. பால் வெட்டத் தோட்டம் இல்லை.

செல்வி, ஒன்பது வயது. பிழைத்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் அவளையும் போனவர்கள் பக்கத்தில்தான் எழுதுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து அவள் பெயரை அழிக்க, இதை அவளுக்கு எழுதுவது ஒன்றுதான் வழி.

செல்வி, உன் கையில் தப்பில்லை. அப்பா உன் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். நின்றார்.