கை பத்தாத கணக்கு

சாயங்காலம் மணி ஏழு இருக்கும். மரம் அறுக்கும் மில் மூடிவிட்டால் அந்த மில் சாலையில் ஈ, காக்கை கிடையாது. நம்மோடு வேலை பார்க்கிற டிரைவர் இருக்கிறானே, அவனுடைய சித்தி அதில் தனியாக நடந்து போனாள். வீடு வீடாகப் போய் டியூஷன் எடுப்பவள்... சிரிக்கிறவன் அப்புறம் சிரிக்கலாம், முதலில் கேள்.

சாலைக் கடைசியில் ஒரே வீடு. படிக்க வேண்டியவள் இரண்டாம் வகுப்புச் சிறுமி. அவளுக்குக் கணக்குச் சொல்லித்தந்த அக்கா, போன மாதம் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். அன்றிலிருந்து தங்கையும் தொட்டியோரமே போய் நிற்கிறாளாம். "இவளையாவது காப்பாத்திக் குடுங்க டீச்சர்" என்று அம்மா அழுதாள். பெற்ற வயிறு அல்லவா.

சித்தி வீட்டுப்பாடத்தை எடுத்தாள். எட்டும் ஏழும் கூட்டு. பெரிய எண்ணை மனதில் வை, சின்ன எண்ணை விரலில் எடு. ஒரு கையில் பென்சில் இருக்கும். மறு கை பத்தாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் விரலைச் சேர்த்துக்கொள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் சொல்லித்தருவது இதுதான்.

சிறுமி இடது கையை மேசைக்கு அடியில் விட்டாள்.

"மனசுல எட்டு... ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு..."

ஐந்து விரலும் தீர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.

"பதினாலு... பதினஞ்சு."

விடை சரி. ஆனால் சித்தியின் இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன.

யார் விரலை எண்ணினாய் என்று சித்தி கேட்டாள்.

"அக்காவோடது. தெனமும் தருவா. இன்னைக்கு அவ கணக்குக்குக் கை பத்தலையாம். என்னையும் தொட்டிக்கு வரச் சொல்றா."

கீழிருந்து பாசி நாற்றம். சொட்... சொட்... சிறுமியின் நாற்காலி தானாக மேசைக்கு அடியை நோக்கி நகர்ந்தது. சித்தி அவளை வாரியெடுத்து அம்மாவிடம் தள்ளினாள். பிறகு, எங்கிருந்து வந்த தைரியமோ, தன் இடது கையைக் கீழே நீட்டினாள்.

"அவ வேண்டாம். என் கைய வச்சு எண்ணிக்க."

ஈரமான சின்ன விரல்கள் அவள் சுண்டுவிரலை மடக்கின. ரொம்ப நேரம் கழித்து... அடுத்ததை. அப்புறம் நாற்றம் போய்விட்டது.

சிறுமி பிழைத்தாள். இப்போது தன் விரலிலேயே எண்ணுகிறாள், தொட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சித்திக்குத்தான் அன்று மடங்கிய இரண்டு விரல்களும் நிமிரவேயில்லை. தண்ணீரே படாமல் அவற்றின் நுனி ஊறிச் சுருங்கியிருக்கும். டாக்டர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நேற்று மூன்றாவதும் மடங்கிவிட்டதாம். டிரைவர் சொல்லிவிட்டு அழுதான்.

அக்காவின் கணக்கு எத்தனை என்று மட்டும் அன்றைக்குச் சித்தி கேட்டுக்கொள்ளவில்லை.