சைலன்சருக்குள் ஒரு நட்டு

உங்கள் மேஜை ரொம்ப ஒழுங்காக இருக்கிறது, டாக்டர். என் சமையலறையும் இப்படித்தான் இருந்தது, என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும்.

என் தம்பிக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் கேட்கவில்லை என்கிறான் என்று கேட்டீர்கள். அவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். கதவு சாத்தியிருப்பதால் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாளே என் கணவர் சமையலறைக்குக் குடிவந்துவிட்டார். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பு எங்கே என்று நான் அவரைக் கேட்க வேண்டிய நிலைமை. அடுப்பை எவ்வளவு எரியவிட வேண்டும் என்று பக்கத்தில் நின்று பாடம் எடுத்தார். எனக்குச் சண்டை போட வராது.

ஒரு நாள் எங்கள் பழைய காரில் ஏதோ சத்தம் வந்தது. அன்று முழுக்க அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஆறு மாதத்தில் அன்றுதான் நான் நிம்மதியாகச் சமைத்தேன். சாயங்காலம் தம்பி வந்து ஐந்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டான். அவன் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பான். அந்தக் காதை நம்பித்தான் ஊரே அவனிடம் வண்டியை விடுகிறது. மறுநாள் காலை என் கணவர் மறுபடி அடுப்படியில் நின்றார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில், ஒரு கம்பியில் நட்டைக் கோத்துக் காரின் சைலன்சர் குழாய்க்குள் மாட்டினேன். இன்ஜின் ஓடினால் கடகடவென்று அடித்துக்கொள்ளும். என் கணவருக்குக் கார் என்றால் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் குனிந்து பார்த்ததே கிடையாது.

தம்பி கண்டுபிடித்துவிடுவான் இல்லையா? அதனால் என் கணவர் அவனுடைய மெக்கானிக் கடைக்குக் காரை எடுத்துப் போகும்போதெல்லாம் நானும் துணைக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் உள்ளே போவார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, கைப்பையில் இருக்கும் சமையல் இடுக்கியால் நட்டை உருவிவிடுவேன். குழாய் சுடும். திரும்பும்போது காய் வாங்க இறங்கி, மறுபடி மாட்டிவிடுவேன். நட்டு அலுத்துப்போனதும் இவருடைய பழைய சாக்ஸைச் சுருட்டிச் செருகினேன். புகை போக வழியில்லாமல் வண்டி திணறும். கடை வாசலில் சாக்ஸ் என் பைக்கு வந்ததும் சமர்த்தாகிவிடும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அதற்குள் என் கணவருக்கு நட்டு இல்லாமலே சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் கடையில் இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தபோது, "இதோ, இதோ" என்று விரலை நீட்டினார். தம்பி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு என்னைத்தான் பார்த்தான்.

"அக்கா, உனக்குக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குதேடா" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே வருகிற வண்டிகளையெல்லாம் அவன் திருப்பி அனுப்பத் தொடங்கினான். இப்போது கடையை மாமாவே எடுத்து நடத்தட்டும் என்கிறான். இருபது வருட மெக்கானிக்குக்கே கேட்காதது தனக்குக் கேட்கிறதென்று இவருக்கும் தலைகால் புரியவில்லை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாராம். நான் டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

ஆனால் உங்களைக் கேட்ட பிறகுதான் கடையைக் கைமாற்றுவேன் என்று தம்பி பிடிவாதமாக இருக்கிறான். காது சரியாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவன் நேரே போய் அந்தக் காரைத்தான் பிரிப்பான். அதனால் ஒரு காது மந்தம் என்று மட்டும் எழுதிக் கொடுங்கள், டாக்டர். இரண்டு காதும் போய்விட்டது என்று எழுதச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.